வயிற்றில் இருவர்

ரூபேந்திரனுக்கும் ஃபெலிசியாவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. ஏழாவது வருடம் உண்டானபோது, ஒன்றல்ல இரண்டு என்று முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. கிளினிக் வாசலில் நின்றபடியே ரூபேந்திரன் பெக்கோக்கில் இருக்கும் அக்கா ஷாமளாவுக்குப் போன் போட்டு, “அக்கா, ரெட்ட! ரெட்ட புள்ள!” என்று கத்தினான். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லாபிஸில் அவன் ஏர்கோன் குளிர்சாதனங்களை சர்வீஸ் செய்கிறவன். கூரைமேல் ஏணி கட்டிய ஒரு வேன், கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு தொழில். ஃபெலிசியா டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவன் முருகனைக் கும்பிடுகிறவன், அவள் வேதக்காரி. தாலி கட்டியது மாரியம்மன் கோயிலில், மோதிரம் மாற்றியது மாதா கோயிலில். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. அவள் பூசைக்குப் போகும்போது அவன் கொண்டுபோய் விடுவான். வெளியே வேனில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் கூட்டிவருவான்.

அவளுடைய ஒரு வழக்கம் மட்டும் அவனுக்குப் பிடிபடாமலே இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாதா கோயிலில் ஏழெட்டுப் பெண்கள் கூடுவார்கள். தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிற அந்தோணியம்மாள்தான் அதை நடத்துகிறவர். இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகச் சொல்லும் செபம் அது. ஒவ்வொருத்தியும் உலகத்தில் எங்கோ ஒரு வயிற்றில் இருக்கிற, பிறப்போமா மாட்டோமா என்ற நிலையில் இருக்கிற ஒரு குழந்தையை மனதால் தத்தெடுத்துக்கொள்வாள். ஒன்பது மாதம் அதற்காகத் தினமும் வேண்டிக்கொள்வாள். ஒன்பதாம் மாதம் முடிந்தால் ஒரு மெழுகுவர்த்தி. பிறகு இன்னொரு குழந்தை.

“பேரு தெரியாது, ஊரு தெரியாது. பொறந்துச்சா இல்லியான்னுகூட ஒனக்குத் தெரியப்போறதில்ல. அப்பறம் யாருக்குத்தான் வேண்டிக்கிற?” என்று அவன் ஒருமுறை கேட்டான்.

“தெரிஞ்ச புள்ளைங்களுக்கு வேண்டிக்க அதோட சொந்தபந்தம் இருக்கு லா. தெரியாததுக்கு யாரு இருக்கா?” என்றாள் ஃபெலிசியா.

தனக்கே பிள்ளை இல்லாத வருடங்களில் அவள் இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பெற்றெடுத்துவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். கொஞ்சம் பாவமாகக்கூட இருக்கும்.

ஐந்தாம் மாதத்து ஸ்கேனுக்கு சிகாமட் போனார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர், அன்றைக்கு வயிற்றின்மேல் கருவியை வைத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். வலது பக்கம் ஒரு இதயம் படபடவென்று துடிப்பது திரையில் தெரிந்தது. கருவி இடது பக்கம் போனது. மூக்கு, தாடை, மடக்கிய முழங்கால் எல்லாம் வரைந்த மாதிரி அவ்வளவு தெளிவு. அசைவு மட்டும் இல்லை. டாக்டர் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே போய் நின்றார்.

“மன்னிச்சுக்குங்க” என்றார் கடைசியில். பிறகு மலாயும் இங்கிலீஷும் கலந்து நிதானமாக விளக்கினார். இரண்டும் தனித்தனிப் பைகளில் இருக்கின்றன, தனித்தனி நஞ்சுக்கொடி. அதனால் ஒன்று இறந்தாலும் மற்றதற்கு அநேகமாக ஆபத்தில்லை. இறந்ததை இப்போது வெளியே எடுக்க முடியாது. எடுக்கப்போனால் இரண்டும் போய்விடும். அது உள்ளேயேதான் இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் நீர் வற்றிவிடும். உயிரோடு இருப்பது வளர வளர அதை ஒரு ஓரமாக ஒதுக்கும். பிரசவத்தன்று இதுவும் கூடவே வரும்.

ஃபெலிசியா முகட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அதுவரைக்கும் அது எங்கிட்டதான் இருக்குமா டாக்டர்?”

“இருக்கும்.”

அவள் மூச்சை விட்டாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்து இறங்கியது. ஆனால் அவள் முகத்தில் துக்கம் மட்டும் இல்லை, வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. அதைப் பார்க்க ரூபேந்திரனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ஷாமளா பஸ் பிடித்து வந்துவிட்டாள். ரசம் வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள், தம்பி பெண்டாட்டிக்குத் தலை வாரிவிட்டாள். எல்லாம் முடிந்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து, “ஃபெலி, வெளிய யார்கிட்டயும் சொல்லாதம்மா. யாராச்சும் கேட்டா ஒன்னுன்னே சொல்லு. சனங்க வாயிக்குப் பதில் சொல்லி மாளாது” என்றாள்.

“ஒன்னுன்னு சொன்னா இன்னொன்னு எங்க போச்சு அண்ணி?”

“அது போயிருச்சும்மா.”

“போகலியே. இங்கதான இருக்கு.”

ஷாமளா தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்து வெளியே போய், சுத்தமாக இருந்த வேனைக் கழுவ ஆரம்பித்தான்.

ஃபெலிசியா ஒளிக்கவில்லை. மருந்துக்கடையில் தெரிந்தவர்கள் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, “எத்தன மாசம்? ஒன்னுதானா?” என்று கேட்பார்கள். “ரெட்ட. ஒன்னு எறந்துருச்சு. ரெண்டும் உள்ளதான் இருக்கு” என்று, ரொம்ப சாதாரணமாக, மாத்திரைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே சொல்வாள். கேட்டவர்கள் கையில் பொட்டலத்தோடு அப்படியே நின்றுவிடுவார்கள். ஒரு மலாய்க் கிழவர் மட்டும் இரண்டு கைகளையும் ஏந்தி, உதடு அசைய ஏதோ வேண்டிவிட்டுப் போனாராம்.

ரூபேந்திரனால் அவள் வயிற்றைத் தொட முடியவில்லை. முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு முதலில் அங்கேதான் கை வைப்பான். இப்போது பக்கத்தில் படுத்தாலும் திரும்பியே படுத்தான். அவள் தோசை சுடும்போதும், துணி மடிக்கும்போதும், தொலைக்காட்சி பார்த்துச் சிரிக்கும்போதும் அவன் நினைப்பு ஒன்றே: உயிருள்ள ஒருத்தி செத்துப்போன ஒன்றைச் சுமந்துகொண்டு நடமாடுகிறாள். அதன் தலைமாட்டிலேயே இன்னொன்று குடித்து, தூங்கி, வளர்கிறது. இதை எந்தப் பக்கத்திலிருந்து நினைக்க ஆரம்பித்தாலும் பாதியில் புத்தி நின்றுவிட்டது.

ஸ்கேன் பார்த்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஃபெலிசியா செவ்வாய்க்கிழமைச் செபத்துக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் அவளே, “கொண்டுபோய் விடுறீங்களா?” என்று கேட்டாள். அன்று மழை. குடை பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டவன், மழை விடட்டும் என்று கதவோரம் நின்றான்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபெலிசியா உட்காரவில்லை. அந்தோணியம்மாளைப் பார்த்து நின்றபடியே கேட்டாள்: “ஆன்ட்டி, நான் எந்த செபத்தச் சொல்லணும்? வயித்துல இருக்கற புள்ளைக்கு ஒரு செபம் இருக்கு. செத்தவங்களுக்கு ஒரு செபம் இருக்கு. வயித்துலயே செத்துப்போயி வயித்துலயே இருக்கறதுக்கு எது? வீட்டுல உக்காந்து சொல்லிப் பாத்தேன். எதச் சொன்னாலும் பாதியில நின்னுருது.”

அந்தோணியம்மாளுக்கு எதற்கும் ஒரு பதில் உண்டு. கேண்டீனில் சண்டை போடுகிற வாத்தியார்களையே அடக்குகிறவர்.

“எனக்குத் தெர்லம்மா” என்றார் அன்றைக்கு. “ரெண்டயும் சொல்லுவோம்.”

அவர் எழுந்து வந்து ஃபெலிசியாவின் முன்னால், சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டார். கனத்த உடம்பு, முட்டி வலிக்காரர். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து மண்டியிட்டார்கள். பீடத்தைப் பார்த்து மண்டியிடுகிறவர்கள் அன்றைக்கு அந்த வயிற்றைப் பார்த்து மண்டியிட்டிருந்தார்கள். பிறக்காத பிள்ளைகளுக்கான செபத்தைச் சொன்னார்கள். இறந்தவர்களுக்கான செபத்தையும் மூச்சு விடாமல் தொடர்ந்து சொன்னார்கள். ஒரு செபம் முடிந்து மற்றது தொடங்கும் இடமே தெரியவில்லை. பிறகு யாரோ செபமாலையைத் தொடங்கினார்கள்.

மாதாவை வாழ்த்தும் அந்த மந்திரத்தை ரூபேந்திரன் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறான். அதற்குள் சொற்கள் இருப்பதாக அவன் காது கொடுத்ததே இல்லை. இப்போது “திருவயிற்றின் கனி” என்ற சொற்கள் மழைச் சத்தத்தைத் தாண்டி வந்தன. போய்த் திரும்ப வந்தன. மாலையின் ஒவ்வொரு மணிக்கும் வந்தன. அவன் செருப்பைக் கழற்றினான். ஏன் கழற்றினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஈரக் காலோடு அங்கேயே நின்றான்.

எட்டாம் மாதம் நடக்கும்போது சிகாமட்டிலிருந்து ஃபாதர் ரபேல் பூசை வைக்க வந்தார். வயதில் ரூபேந்திரனைவிடச் சின்னவர், புதிதாகக் குருப்பட்டம் பெற்றவர். பூசைக்குப் பிறகு கர்ப்பிணிகளை ஆசீர்வதிப்பது உண்டு. அன்றைக்கு ஃபெலிசியா ஒருத்திதான். முன்னால் வந்து நின்றவளிடம் ஃபாதர் தாழ்ந்த குரலில், “அந்தோணியம்மா ஆன்ட்டி சொன்னாங்க. ரெண்டு பேர்தானே?” என்று கேட்டார்.

“ஆமா ஃபாதர். ரெண்டு பேரு.”

இப்போதெல்லாம் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்காருகிற ரூபேந்திரனை ஃபாதர் கைகாட்டி அழைத்தார். “நீங்க அப்பா. நீங்களும் கை வைக்கணும்.”

மறுக்க வழியில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் தொடாத வயிற்றின்மேல் ரூபேந்திரன் தன் கையை வைத்தான். சட்டைத் துணிக்குக் கீழே சூடாக, இறுக்கமாக இருந்தது. ஃபாதர் கையை நீட்டிச் செபம் சொன்னார். “இந்தக் குழந்தையை” என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் “இந்தக் குழந்தைகளை” என்றார்.

உயிருள்ள பிள்ளை உதைக்கும், அதை வைத்து மற்றது இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாம், கையை அங்கே கொண்டுபோகாமல் இருக்கலாம் என்று அவன் எண்ணியிருந்தான். பிள்ளை உதைக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு முழுவதும் ஒரே அமைதி. கையை மெல்ல இடது பக்கம் நகர்த்தினான். திரும்ப வலது பக்கம் கொண்டுவந்தான். எது தூக்கம், எது சாவு என்று அவன் உள்ளங்கைக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே சூட்டில் இருந்தன. இரண்டும் அவன் பிள்ளைகள்.

அவன் கையை எடுக்காமலே வைத்திருந்தான். ஃபெலிசியா தன் கையை அவன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

“இத்தன மாசமா நீ இத ஒண்டியா தாங்கிட்டு இருந்தியா?” என்று வேனில் ஏறியதும் கேட்டான்.

“ஒண்டியா எங்க? மூணு பேரா இருந்தோம்” என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அரசாங்க மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, பெரிய குரல். வெளியே நின்ற ரூபேந்திரனுக்கே அழுகை கேட்டது. ஷாமளா கையெடுத்துக் கும்பிட்டு, அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் உடையில் ஒரு மிஸி வந்தார். நடுவயதுக்காரர், பெயர்ப்பட்டையில் சல்மா என்று இருந்தது. ரூபேந்திரனை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மேசைமேல் எஃகுத் தட்டு ஒன்று; அதில் வெள்ளைத் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

“என்சேக், இதுவும் உங்க பிள்ளைதான்” என்றார் மரியாதையான மலாயில். “நஞ்சுக்கொடியோட சேர்ந்து வந்தது. நான் கழுவி வெச்சிருக்கேன். அம்மா பாத்துட்டாங்க. நீங்க பாக்கறீங்களா?”

பார்க்க ஒன்று இருக்கும் என்றே அவன் நினைத்திருக்கவில்லை. தலையை ஆட்டினான். மிஸி துணியைப் பிரித்தார்.

கூடப் பிறந்தவளின் வளர்ச்சி அதைக் கருப்பையின் சுவரோடு அழுத்தித் தட்டையாக்கியிருந்தது. புத்தகத்துக்குள் நெடுநாள் இருந்த இலை மாதிரி, பழுப்பாக, மெலிதாக, ஒரு கைக்குள் கொள்ளுமளவு. கோரமாக இருக்கும் என்று பயந்திருந்தான். கோரம் இல்லை. நெற்றி இருந்தது. விலா எலும்புகள் சீப்புப் பல்போல வரிசையாக இருந்தன. ஒரு கை முகத்தருகே மடங்கியிருந்தது, அதில் விரல்கள் இருந்தன. ஐந்து விரலுக்கும் நகம் வரப்போகிற இடம் இருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் எதுவும் குறைவைக்காமல் இதைச் செய்த கை எது என்று நினைத்தான். குனிந்தான். குனிந்தவன் நிமிர வெகுநேரமானது.

“பையனா, பொண்ணா?”

“தெரியல என்சேக்.” மிஸி துணியைத் திரும்பச் சுற்றினார். மூலைகளை மடித்த விதத்தில் பழக்கம் தெரிந்தது. “எங்கள்ல நாலு மாசம் தாண்டிட்டா உயிர் ஊதப்பட்டுருச்சுன்னு அர்த்தம். குளிப்பாட்டி, கஃபன் துணி சுத்தி, பேரு வெச்சு அடக்கம் செய்வோம். உங்க முறை எப்படின்னு தெரியாது. ஆனா அப்படியே போட்டுவிட எனக்கு மனசு வரல. நாளைக்கு வீட்டுக்குப் போகும்போது வாங்கிக்குங்க. அதுவரைக்கும் நான் பத்திரமா வெச்சிருக்கேன்.”

“தெரீமா காசே, மிஸி” என்று நன்றி சொன்னான்.

வார்டில் ஃபெலிசியா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது, கண் மட்டும் பளபளத்தது.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இதுக்கு லோஷினின்னு வெச்சுக்கலாம். மரிய லோஷினி. அதுக்கு நீங்க வையுங்க.”

ரூபேந்திரன் யோசிக்கவே இல்லை. “ஜீவா” என்றான். ஆணோ பெண்ணோ இரண்டுக்கும் பொருந்தும். சொல்லிமுடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. ஃபெலிசியா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பச்சை உடம்புக்காரி அங்கெல்லாம் வரக்கூடாது என்று ஷாமளா ஒரே பிடிவாதம். வாசலிலேயே வேனில் உட்கார்ந்திருப்பேன் என்று ஃபெலிசியா ஒத்துக்கொண்டாள். மடியில் லோஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார்கள்.

ஃபாதர் ரபேலும் அந்தோணியம்மாளும் முன்பே வந்திருந்தார்கள். குழியை ரூபேந்திரனே வெட்டினான். சின்னக் குழிதான், ஆனாலும் ஆழமாக வெட்டினான். வேலியை ஒட்டி எண்ணெய்ப் பனைகள் வரிசையாக நின்றன. முதல்நாள் மழையில் மண் இளகியிருந்தது.

பெட்டியை ஷாமளா கொண்டுவந்திருந்தாள். வீட்டில் வளையல் வைத்திருந்த மரப்பெட்டி; காலிசெய்து, உள்ளே பட்டுத்துணி விரித்திருந்தாள். தம்பியின் கையிலிருந்த வெள்ளைப் பொட்டலத்தை அவளே வாங்கி உள்ளே வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் இருந்தாள்.

“அலமாக், எடையே இல்லடா” என்றாள். பிறகு குரல் உடைந்து, “ஒன்னுன்னு சொல்லச் சொன்னேனே, நானு” என்றாள்.

ஃபாதர் செபம் சொல்லி, பெட்டிமேல் தீர்த்தம் தெளித்தார். தெளித்தபிறகு ஷாமளா தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். “ஃபாதர், நாங்க சின்னப் பிள்ளைங்கள எரிக்க மாட்டோம், பொதைப்போம். பொதைச்சா பால் ஊத்துவோம். ஊத்தலாமா?”

ஃபாதர் குழியைப் பார்த்தார். “பாலு குடிக்கற வயசுதானேக்கா. ஊத்துங்க” என்றார்.

மண் போட்டு மூடியபிறகு ஷாமளா பாலை ஊற்றினாள். சிவப்பு மண்ணில் வெள்ளையாக ஒரு கணம் தேங்கி, உள்ளே இறங்கியது.

ரூபேந்திரன் நிமிர்ந்தபோது ஃபெலிசியா பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வேனை விட்டு இறங்கி நடந்து வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கையில் லோஷினி. ஷாமளா கண்டிக்க வாயெடுத்தாள். பிறகு விலகி அவளுக்கு இடம் விட்டாள். ஃபெலிசியா மெதுவாகக் குனிந்து, தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலை ஈர மண்ணில் ஒரு தொடு தொட்டுவிட்டு எடுத்தாள். அந்தச் சில்லிப்புக்குப் பிள்ளை முகத்தைச் சுளித்து, விழித்து, வீறிட்டு அழுதது. பனைகளுக்குள்ளிருந்து அந்த அழுகை எதிரொலித்தது. அந்தோணியம்மாள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். ஐந்து பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“பசி போல” என்றாள் ஷாமளா கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “வாங்க, போலாம்.”

வழியெல்லாம் பிள்ளை அழுதது. அதை அடக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.